வெலிங்டனடியில இறக்கம்: தியேட்டர் தேடித் திரிஞ்ச ஏழு நாள்

முதலாம் நாள்

இரவு எட்டரைக்கு வெள்ளவத்தையில ஏறின பஸ் விடிய அஞ்சு மணிக்கெல்லாம் யாழ்ப்பாணம் வந்திட்டுது. கொக்குவில்ல பெரியம்மா வீடு. குளிச்சு, பிட்டும் சம்பலும் கறுத்தக்கொழும்பானும் சாப்பிட்டு, படுத்து எழும்பி, இப்ப பின்னேரம் விறாந்தையில இருந்து இதை எழுதுறன். ஒவ்வொரு நாளும் படுக்க முந்தி அண்டைக்குப் பாத்ததை எழுதிப் போடுறதெண்டு முடிவெடுத்திருக்கிறன், ஒருநாள் விட்டால் பாதி மறந்து போகும்.

ஏன் வந்தனான் எண்டதை முதல்ல சொல்லவேணும். கனடாவுக்குப் போய் இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல. அங்க எனக்கு ஒரு பழக்கம் இருக்கு, கைவிட்டுப் போட்ட ட்ரைவ் இன் தியேட்டருகளைத் தேடிப் போறது. தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், ட்ரைவ் இன் எண்டால் பெரிய வெட்டைவெளி, ஒரு பக்கத்தில மாடி வீட்டு உயரத்துக்கு வெள்ளைத் திரை, சனம் காரோடயே உள்ள வந்து காருக்குள்ள இருந்தே படம் பாக்கும், சத்தத்துக்குத் தூணில கொழுவியிருக்கிற சின்ன ஸ்பீக்கரை எடுத்துக் கார்க் கண்ணாடியில மாட்டவேணும், பிறகு பிறகு அது கார் ரேடியோவில எப்எம்மில கேக்கிற மாதிரி வந்திட்டுது. 1933 ஜூன் 6ந் திகதி அமெரிக்காவில நியூ ஜேர்சியில, கம்டன் எண்ட ஊருக்குக் கிட்ட, ரிச்சர்ட் ஹொலிங்ஸ்ஹெட் எண்டவர்தான் முதல்ல ஒண்டைத் திறந்தவர். 1950களின்ர கடைசியில அமெரிக்காவில மட்டும் நாலாயிரத்துக்கு மேல இருந்ததாம். பிறகு காணி விலை ஏற, வீட்டுக்குள்ள ரீவி வர, அதுக்குப் பிறகு வீடியோ வர, ஒண்டொண்டா மூடுப்பட்டுப் போச்சு.

மூடினதைத் தேடிப் பிடிக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு. ஹொலிங்ஸ்ஹெட் நிலத்தை வில்லு மாதிரி வளைஞ்ச வரம்புகளாக் கட்டினவர், முன் சில்லை வரம்பில ஏத்தி விட்டால் கார் கொஞ்சம் அண்ணாந்து நிக்கும், முன்னுக்கு நிக்கிற காரின்ர கூரை திரையை மறைக்காது. திரையை இடிச்சு, ரிக்கெற் கூட்டை இடிச்சு, முப்பது வருசம் புல்லு மூடிக் கிடந்தாலும் மேலயிருந்து எடுத்த படத்தில அந்த வரம்புகள் விசிறி விரிச்ச மாதிரித் தெரியும். நான் சனிக்கிழமையில கொம்பியூட்டரில அந்த விசிறியைத் தேடிப் பிடிச்சு, ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு வருவன்.

போன மாரிக்கு அப்பிடி எடுத்த படங்களை அம்மாவுக்குக் காட்டேக்க அவ எல்லாத்தையும் வடிவாப் பாத்துப்போட்டுச் சொன்னா, "நீ வெள்ளைக்காரர் படம் பாத்த இடமெல்லாம் தேடித் திரியிறாய், நாங்கள் படம் பாத்த இடமெல்லாம் இப்ப என்ன மாதிரிக் கிடக்கெண்டு ஒருக்காப் பாத்தியே?" எனக்கு நெஞ்சுக்குள்ள ஏதோ செய்துது. அண்டைக்கே பேப்பரும் பேனையும் எடுத்தன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல எழுதினன்: வின்சர், வெலிங்டன், றீகல், மனோகரா, ராஜா, ராணி, சிறீதர், லிடோ, சாந்தி, வித்தியா. ரவுணில மட்டும்தான் இவ்வளவு, ஊருகளில இருந்தது வேற. எழுபத்தொன்பது வயசு அவவுக்கு, காலமை குளிசை போட்டதோ எண்டு என்னட்டத்தான் கேப்பா, ஆனால் இந்தப் பேருகள் ஒண்டும் தட்டுப்படேல்லை.

அந்தப் பேப்பர் இப்ப என்ர பொக்கற்றுக்குள்ள இருக்கு.

ரெண்டாம் நாள்

பெரியம்மான்ர பேரன், எனக்குப் பெறாமகன், கம்பசில படிக்கிறான். தான் மோட்டச்சைக்கிள்ள கொண்டு திரியிறன் எண்டவன், ஆனால் காலமை அவனுக்கு வகுப்பு. நான் ஓட்டோ ஒண்டைப் பிடிச்சு "வெலிங்டன் சந்தியில விடுங்கோ தம்பி" எண்டன். ஒரு வார்த்தை திருப்பிக் கேக்கேல்லை, நேர கொண்டு போய் விட்டான். இறங்கி நிண்டு சுத்திவரப் பாத்தன், கடையள், போன் திருத்திற இடம், மருந்துக்கடை, மோட்டச்சைக்கிள் நெரிசல்.

காசைக் குடுக்கேக்க கேட்டன், ஏன் இதுக்கு வெலிங்டன் எண்டு பேர்?

"பழைய பேர் அண்ணை, வெள்ளைக்காரற்ற காலத்து ஆரோ பெரியாளின்ர பேராக்கும்."

இஞ்ச வெலிங்டன் எண்டொரு தியேட்டர் இருந்தது, அதாலதான் சந்திக்கு அந்தப் பேர் எண்டன். அவன் ஓட்டோவை நிப்பாட்டிப்போட்டு இறங்கி வந்து என்னோட நிண்டு தானும் சுத்திப் பாத்தான். 95க்குப் பிறகு பிறந்த பெடியன். ஒரு நாளைக்குப் பத்துத்தரம் எண்டாலும் இந்தப் பேரைச் சொல்லுறவன், இவ்வளவு நாளும் அதுக்குள்ள ஒரு தியேட்டர் இருந்தது தெரியாமல் சொல்லியிருக்கிறான். அண்டைக்கு முழுக்க எனக்கு அதுதான் யோசனை. அங்க நான் தேடுறது வரம்பை. இஞ்ச அப்பிடி ஒரு வரம்பும் இல்லை, காணி சும்மா கிடக்கிற ஊரே இது, ஒரு பரப்பு வெறுமையாக் கிடந்தால் அடுத்த வருசம் கடை எழும்பியிடும். ஆனால் பேர் கிடக்குது, பஸ்காரரும் ஓட்டோக்காரரும் சனமும் வாயில வைச்சுக் காப்பாத்திக்கொண்டு இருக்கினம். இடத்தைப் பிடிக்கிறதெண்டால் இஞ்ச சனத்தின்ர வாயைத்தான் பிடிக்கவேணும்.

ஸ்ரான்லி றோட்டுப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில பிளேன்ரீ குடிச்சுக்கொண்டு இருக்கேக்க பக்கத்தில இருந்த ஒரு ஐயா, வயசு எழுபத்தஞ்சு இருக்கும், தானா வந்து சேர்ந்தார். என்ர பேப்பரை வாங்கிக் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திப்போட்டு வாசிச்சார். வாசிக்க வாசிக்க கை தானா நீளுது, "உதில வின்சர்... அங்கால லிடோ... இது வெலிங்டன் நிக்கிற இடம்". கவனிச்சியளோ, இருந்த இடம் எண்டு சொல்லேல்லை. நிக்கிற இடம் எண்டுதான் சொன்னவர். தன்ர வயசுப் பெடியளோட மூண்டு படம் ஒரே நாளில பாத்ததாம், காலமை ஒண்டு, மற்றினி ஒண்டு, ஆறரைக் காட்சி ஒண்டு, ஒரு தியேட்டரால வெளிக்கிட்டு நடந்துபோய் அடுத்ததுக்குள்ள ஏறுற தூரம். சிறீதரையும் காட்டினார். அது கனகாலம் ஒரு கட்சியின்ர அலுவலகமா, காவலும் தடுப்புமா இருந்த கட்டடம், அந்த வருசங்களில வளர்ந்த பிள்ளையளுக்குச் சிறீதர் எண்டால் தியேட்டர் எண்ட எண்ணமே வராது.

ராஜா இப்பவும் ஓடுது. பழைய ஆக்கள் இன்னும் "ராஜா" எண்டு சொல்லேக்க ஒரு செல்லம் இருக்கு குரலில. புதுசுக்கு ஆஸ்பத்திரி றோட்டில 2013இல வந்த கார்கில்ஸ் சதுக்கத்துக்குள்ள ஏசி தியேட்டர் இருக்கு, பெடியள் அங்கதான் போகினம், நல்லது, படம் பாக்கிற பழக்கம் இருக்கட்டும்.

மூண்டாம் நாள்

றீகல். கோட்டைப் பக்கம்.

இங்கிலிஸ் படம் எண்டால் றீகல்தான். என்ர மாமா படிக்கிற காலத்தில சனிக்கிழமையில வெள்ளை லோங்ஸ் போட்டுக்கொண்டு போவாராம், படத்தில பாதி விளங்காது, ஆனால் வெளியால வரேக்க எல்லாரும் இங்கிலிஸில கதைச்சுக்கொண்டு வருவினமாம். அவர் இதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டுத்தான் செத்தவர்.

பெறாமகனோட பின்னேரம் போனன். முனியப்பர் கோயிலடியில மோட்டச்சைக்கிளை விட்டுட்டு நடந்தம். ஒரு பக்கம் கோட்டை, இஞ்சால நூலகம். 1981இல எரிச்ச நூலகம், 97 ஆயிரம் புத்தகம் எண்டுவினம், இப்ப திரும்பக் கட்டி வெள்ளையா நிக்குது. 1990இல கோட்டையைச் சுத்தி மூண்டு மாசம் அடிபாடு, அந்தச் சுத்துவட்டாரத்தில நிண்டது எல்லாம் போட்டுது. கோட்டையைத் திருத்தினவை, நூலகத்தைக் கட்டினவை. தியேட்டரை ஆர் திரும்பக் கட்டுறது, அது ஒரு வியாபாரம்தானே எண்டு விட்டுவிடுவினம். எனக்கு இது சரியாப் படேல்லை. எங்கட அம்மா அப்பா ஆக்கள் ஒண்டா இருந்து சிரிச்ச இடம், அழுத இடம், கலியாணம் பேசி முடிஞ்ச பிறகு முதல் முதல்லா ரெண்டு குடும்பமும் சேர்ந்து போன இடம், அதுக்கு ஒரு சின்னப் பலகை எண்டாலும் நடலாம், "இஞ்ச றீகல் தியேட்டர் இருந்தது" எண்டு ஒரு வரி காணும்.

கடல் காத்து நல்லா அடிச்சுது. கோட்டை மதிலில ஏறியிருந்து பெடியளோட பெட்டையளும் போனில படம் எடுத்துக்கொண்டு நிண்டவை. நாங்களும் இருட்டுமட்டும் இருந்திட்டு வந்தம்.

நாலாம் நாள்

இண்டைக்கு எழுதக் கனக்கக் கிடக்கு.

பெரியம்மாவுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மூலமா, தியேட்டரில மெசினில படம் ஓட்டின ஒரு ஒப்பரேற்றர் ஐயாவைச் சந்திச்சன். எண்பத்தொரு வயசு. ரவுணில ரெண்டு தியேட்டரில வேலை செய்தவர். கோண்டாவில்ல மகளோட இருக்கிறார். பேர் போடவேண்டாம் எண்டு அவரே சொன்னவர், "என்ர பேர் என்னத்துக்குத் தம்பி, திரைக்குப் பின்னுக்கு இருந்தனான், பின்னுக்கே இருக்கிறன்" எண்டார். திரைக்குப் பின்னுக்கில்லை ஐயா, சனத்துக்குப் பின்னுக்கு எண்டன். அவருக்குப் பிடிச்சுப்போச்சு, தலையை ஆட்டி ஆட்டி ரெண்டுதரம் சொல்லிப் பாத்தார்.

உள்ள போய் ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டு வந்து வைச்சுத் திறந்தார். பழைய பேப்பரில சுத்தின கரித்துண்டுகள். கையில எடுத்துப் பாத்தன், சுண்டுவிரல் நீளம், வெளியால செம்புத் தகடு பூசினது, நுனி ஒரு பக்கம் பென்சில் தீட்டின மாதிரிக் கூர், அந்தக் கூருக்குக் கிட்டச் செம்பு உருகி நீலமும் கறுப்புமா நிறம் மாறியிருக்கு. தொட்ட விரலில கறுப்பு ஒட்டிக்கொண்டுது. அந்த நாளில புரொஜக்டருக்குள்ள வெளிச்சம் குடுத்தது இதுதான், பல்ப் இல்லை. ரெண்டு கரிக்குச்சியை நேருக்கு நேர் பிடிச்சுக் கரன்ற் விட்டு, முட்ட வைச்சு மெல்லமாப் பிரிச்சால் இடையில வெள்ளையா நெருப்புப் பறக்கும், பின்னால இருக்கிற குழிக் கண்ணாடி அந்த வெளிச்சத்தை எல்லாம் பிலிமுக்குத் திருப்பும். குச்சி எரிஞ்சு எரிஞ்சு குறையும், இடைவெளி கூடிப்போச்செண்டால் வெளிச்சம் மஞ்சளாகி அணைஞ்சிடும், அப்ப திரையும் இருட்டு, கலரியில விசில். அதனால ஒரு கண் எப்பவும் கறுப்புக் கண்ணாடிக்குள்ளால நெருப்பில, ஒரு கண் சின்னச் சன்னலுக்குள்ளால திரையில.

"படம் பாத்தியளோ ஐயா?"

"படம் எங்க பாக்கிறது, புள்ளியைத்தான் பாத்தனான்."

ஒரு றீல் ரெண்டாயிரம் அடி, ஏறக்குறைய இருவது நிமிசம். ரெண்டு மெசின் பக்கத்தில பக்கத்தில நிக்கும். ஒண்டு முடியப்போகேக்க திரையின்ர வலப்பக்க மேல் மூலையில ஒரு சின்ன வட்டம் கண் சிமிட்டுற நேரம் வந்து மறையும், அதுக்கு மற்ற மெசினை ஓட விடவேணும், ஏழெட்டுச் செக்கன்ட் கழிச்சு ரெண்டாவது வட்டம், அதுக்கு மாத்தவேணும். சரியா மாத்தினால் சனத்துக்கு ஒண்டும் தெரியாது. முப்பது வருசம் அந்த வட்டத்துக்காகக் காத்திருந்த மனுசன். இப்பவும் ரீவியில பழைய படம் போகேக்க மூலையில வட்டம் வந்தால் தன்ர வலக்கை தானா எழும்புமாம், மகள் சிரிப்பாவாம். கையை எழுப்பிக் காட்டினார். அந்தக் கை நடுங்குது, ஆனால் எழும்பின விதத்தில ஒரு தடுமாற்றமும் இல்லை.

ஒரே படப்பெட்டி ரெண்டு தியேட்டருக்கு ஓடின கதையும் சொன்னார். ஒரு கொப்பிதான் இருக்கும், இஞ்ச முதல் றீல் முடிய அதைத் திருப்பிச் சுத்திச் சைக்கிள்ள ஒரு பெடியன் கட்டிக்கொண்டு மற்ற தியேட்டருக்கு ஓடுவான், அங்க அரை மணித்தியாலம் பிந்தித்தான் காட்சி தொடங்கும். ஒருநாள் மாரி மழை, றோட்டில வெள்ளம், பெடியனைக் காணேல்லை. முதலாளி வந்து கத்துறார், சனம் கத்துது, இவர் கையில இருந்த விளம்பரச் சிலைட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு நிண்டாராம். பெடியன் கடைசியா வந்தது சைக்கிளைத் தோளில தூக்கிக்கொண்டாம், படப்பெட்டி தலையில, சேட்டைக் கழட்டிப் பெட்டிக்கு மூடியிருந்தவன், ஒரு துளி தண்ணி உள்ள போகேல்லை. அந்தப் பெடியன் இப்ப ஜேர்மனியில, பேரப்பிள்ளையள் கண்டிட்டானாம்.

1972இல திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து வெளிநாட்டுப் படம் இறக்குறதைத் தன்ர கையில எடுத்த பிறகு இந்தியப் படங்கள் குறைஞ்சு போச்செண்டும், அதாலதான் ஒரு கொப்பியைத் தேயத் தேய ஓட்டவேண்டி வந்ததெண்டும் அவர் சொன்னார். தேய்ஞ்ச பிலிம் அறும். அறுந்த இடத்தைச் சுரண்டி, பசை பூசி ஒட்டவேணும். வெட்டி எறியிற துண்டுக்கு வெளியால பெடியள் காத்திருப்பினம்.

நானும் காத்திருந்த பெடியன்தான்! அதைச் சொல்ல அவர் என்ர கையைப் பிடிச்சிட்டார். எங்களிட்ட ஒரு வித்தை இருந்தது. பியூஸ் போன பல்ப்பின்ர பின்பக்கத்தைக் கவனமா உடைச்சு, உள்ள இருக்கிற கம்பியை எடுத்துப்போட்டு, தண்ணியை நிரப்பினால் அது லென்ஸ். வெளியால ஒருத்தன் முகம் பாக்கிற கண்ணாடியால வெயிலைப் பிடிச்சு யன்னல் ஓட்டைக்குள்ளால அடிக்கவேணும், உள்ள பிலிம் துண்டைப் பல்ப்புக்கு முன்னால தலைகீழாப் பிடிச்சால் சுவரில கட்டின வேட்டியில முகம் வரும். மேகம் மறைச்சால் காட்சி நிக்கும். ரிக்கெற் ஒரு புளியங்கொட்டை. என்னட்ட இருந்தது ஒரு கையும் பாதி முகமும் உள்ள துண்டு, ஆரின்ர முகமெண்டு கடைசிவரை பிடிபடேல்லை, ஒவ்வொரு பெடியனும் தனக்குப் பிடிச்ச நடிகரின்ர பேரைச் சொல்லுவான்.

வெளிக்கிடேக்க ஐயா ஒரு கரித்துண்டைப் பேப்பரில சுத்தித் தந்தார். வேண்டாம் எண்டன். "வைச்சிரும், என்னட்ட இன்னும் பதினொண்டு கிடக்கு" எண்டார்.

அஞ்சாம் நாள்

சொந்தத்தில ஒரு கலியாணவீடு, மானிப்பாயில. நாள் முழுக்க அங்க. ஒண்டும் தேடேல்லை. சாப்பாடு நல்லா இருந்தது.

ஆறாம் நாள்

வடமராட்சிப் பக்கம். மோட்டச்சைக்கிள்ள வல்லை வெளியால போனம், ரெண்டு பக்கமும் தண்ணியும் வெளியும், காத்து ஆளைத் தள்ளுது, பெறாமகன் குனிஞ்சு ஓடுறான். ஒப்பரேற்றர் ஐயா ஒரு பழைய ஊர்த் தியேட்டரைச் சொல்லி விட்டவர், கட்டடம் இப்பவும் நிக்குது, களஞ்சியமாப் பாவிக்கினமாம். ஆரின்ரை எண்டதையும் எந்தச் சந்தி எண்டதையும் நான் எழுதேல்லை, உள்ள விட்ட மனுசனுக்குக் கரைச்சல் வரக்கூடாது.

முதல்ல விடேல்லை. வாசல்ல நிண்ட காவல்காரர் எங்களைக் காணி அளக்க வந்த ஆக்கள் எண்டு நினைச்சிட்டார். நான் அம்மான்ர பேப்பரைக் காட்டினன், பொக்கற்றில இருந்த கரித்துண்டையும் காட்டினன். கரித்துண்டைக் கண்டதும் அவர் முகம் மாறிச்சுது. "உதால நாங்கள் சின்னனில மதிலில எழுதினனாங்கள்" எண்டு சொல்லிக் கேற்றைத் திறந்தார்.

உள்ள இருட்டு. நெல்லு மணம், சாக்கு மணம். கண் பழக ஒரு நிமிசம் எடுத்துது. முதல் கால்தான் கண்டுபிடிச்சுது, நடக்க நடக்க நிலம் மெல்லமா இறங்குது. கதிரை ஒண்டும் இல்லை, பலகை வாங்கு இல்லை, ஆனால் பின்னுக்கு இருக்கிறவருக்கு மறைக்காமல் அந்தக் காலத்தில சரிச்சுப் போட்ட சீமெந்து நிலம் அப்பிடியே கிடக்கு. மூட்டை அடுக்கினால் சரியும் எண்டு ஒவ்வொரு அடுக்குக்கும் கீழ, பதிவான பக்கத்துக்குப் பனங்குத்தியைச் சீவி ஆப்பு வைச்சு மட்டப்படுத்தியிருக்கினம். அந்த ஆப்புகளைக் குனிஞ்சு பாத்துக்கொண்டு கனநேரம் நிண்டன். ஒன்ராறியோவில புல்லுக்குள்ள வளைஞ்சு கிடக்கிற வரம்பும் இந்தச் சீமெந்துச் சரிவும் ஒரே வேலைக்குச் செய்தது, முன்னுக்கு இருக்கிறவன்ர தலை மறைக்கக்கூடாது. அங்க காருக்கு, இஞ்ச எங்கட சனத்துக்கு.

திரும்பிப் பின் சுவரை அண்ணாந்து பாத்தன். உயரத்தில நாலு சதுர ஓட்டை, ரெண்டு ரெண்டாச் சோடி. ஒண்டு வெளிச்சம் வாறதுக்கு, பக்கத்தில இருக்கிற கொஞ்சம் சின்னது ஒப்பரேற்றர் பாக்கிறதுக்கு. மூண்டைக் கல்லு வைச்சு மூடியிருக்கு. நாலாவது மூடாமல் விட்டிருக்கினம், அதுக்குள்ள குருவி கூடு வைச்சிருக்கு. கூரைத் தகரத்தில ஒரு ஓட்டையால விழுந்த வெயில் நேர எதிர்ச் சுவரில, திரை இருந்த இடத்தில, ஒரு சின்ன வட்டமா நிண்டுது. வலப்பக்கம், மேல்.

நான் பெறாமகனைக் கூப்பிட்டு வட்டத்தைக் காட்டினன். அவனுக்கு நேற்று முந்தநாள் நான் சொன்ன புள்ளிக் கதை தெரியும். அவன் ஒண்டும் கதைக்கேல்லை, போனை எடுத்துப் படம் எடுத்தான், பிறகு வலக்கையை எழுப்பினான்.

காவல்காரர் பெண்டுகளின்ர வாசல், கலரி வாசல் எல்லாம் காட்டினார். ரிக்கெற் எடுக்கிற ஒழுங்கை இன்னும் இருக்கு, ஒராள் மட்டும் போகக்கூடிய அகலத்தில ரெண்டு சுவர், தோள் உயரத்துக்கு, முட்டி மோதாமல் இருக்கக் கட்டினது. அந்தச் சுவரின்ர மேல்விளிம்பு வழுவழுவெண்டு மினுங்குது. எத்தினை ஆயிரம் கை பிடிச்சுப் பிடிச்சு நகர்ந்திருக்கும்.

ஏழாம் நாள்

நாளைக்கு இரவு பஸ். இண்டைக்கு மனோகரா.

கடைசிக்கு வைச்சிருந்தனான், ஏனெண்டால் இது எனக்கும் நினைவிருக்கிற தியேட்டர். காங்கேசன்துறை றோட்டில மனோகரா சந்தி எண்டு இப்பவும் சொல்லுவினம். எட்டு வயசிருக்கும் எனக்கு, அம்மாவோடயும் பக்கத்து வீட்டு அன்ரியாக்களோடயும் போனது. பெண்டுகளுக்கு வேற வரிசை, சின்னப் பெடியன் எண்டதால என்னையும் அதுக்குள்ள விட்டவை, எல்லாப் பக்கமும் சீலை, மல்லிகைப்பூ மணம், பவுடர் மணம், எனக்கு மூச்சு முட்டி அழுகை வந்திட்டுது. அம்மா என்னைத் தூக்கி இடுப்பில வைச்சா. அவவின்ர தோளுக்கு மேலால பாக்கேக்க ரிக்கெற் குடுக்கிற சின்ன ஓட்டை தெரிஞ்சுது, உள்ளுக்கிருந்து ஒரு கை மட்டும் வந்து வந்து போகுது.

பிறகு 90 ஜூனோட கரன்ற் போச்சு. பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் தங்கம் மாதிரி. சைக்கிளைக் கவிட்டு வைச்சு மிதிச்சு டைனமோவில ரேடியோ கேட்ட காலம். படம் பாக்கிறதெண்டால் ஊரே காசு சேர்த்து ரீவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, ஒரு வீட்டு முத்தத்தில மேசை போட்டு வைச்சு, இரவிரவா நாலைஞ்சு படம். பெறாமகனுக்கு இதைச் சொல்லிக்கொண்டு வந்தன். சனம் பாயோட வரும், தூர இடத்துச் சனம் சைக்கிள்ள வந்து சைக்கிளை வேலியோட சாத்திப்போட்டு அதின்ர கரியரிலயே இருந்து பாக்கும், ஒருக்கா ஒரு குடும்பம் மாட்டு வண்டிலோட வந்து வண்டிலை முத்தத்துக்கு வெளியால விட்டு அதுக்குள்ள இருந்தே முழுப்படமும் பாத்தது எனக்கு நல்லா நினைவிருக்கு. "அப்ப அது ட்ரைவ் இன்தானே சித்தப்பா" எண்டான். ஓமடா எண்டன். இத்தினை வருசம் கனடாவில தேடித் திரிஞ்சும் எனக்கு இது தோணேல்லை.

சந்தியில இறங்கி அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தன். அங்க விடியக் காலமை, அவ எழும்பிச் சாமி கும்பிட்டு முடிச்சு, தேத்தண்ணியோட இருந்தவ. போனைச் சுத்திக் காட்டினன். கொஞ்சநேரம் ஒண்டும் சொல்லேல்லை. பிறகு, "இடக்கைப் பக்கம் திருப்பு... இன்னும் கொஞ்சம்... நில், நில். உதிலதான் பொம்பிளையளின்ர ரிக்கெற்."

போன் காட்டின இடத்தில ஒரு கடை, சட்டர் பாதி இறக்கியிருக்கு. நான் அப்பிடியே போனைப் பிடிச்சுக்கொண்டு நிக்க உள்ளயிருந்து கடைக்காரர் குனிஞ்சு வெளியால வந்தார், அறுபது வயசிருக்கும், "ஆரைத் தேடுறியள் தம்பி?" நான் சொல்ல முந்தி அம்மா போனுக்குள்ளால கேட்டா, "தம்பி, உங்கட அம்மா இருக்கிறாவோ? அவ மனோகராவில படம் பாத்தவவோ?" அவர் சிரிச்சார். போனை என்ர கையால வாங்கிக்கொண்டு சட்டருக்குக் கீழால திரும்ப உள்ள போனார், "அம்மா, கனடாவில இருந்து ஒராள் கதைக்கினம், வாங்கோ" எண்டு கூப்பிட்டது கேட்டுது.

நானும் பெறாமகனும் வெயிலில நிண்டம். உள்ள ரெண்டு கிழவியளும் மாறி மாறிப் படங்களின்ர பேர் சொல்லினம். அரை மணித்தியாலம் ஆச்சு, என்ர போன் இன்னும் வெளியால வரேல்லை.